நட்டுப்பாட்டுக் கூடலில் என்னென்ன நடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு. கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு, தோப்பை ஒட்டி ஒரு பழைய வீடு. அறிவியல் புனைகதை பிடித்தவர்களும் நாட்டுப்பாட்டு பிடித்தவர்களும் ஐம்பது அறுபது பேர் அங்கே கூடிப் பாடுகிறோம். இது மூன்றாவது வருஷம். அழைப்பு அனுப்பிய நாளிலிருந்து போன் ஓயவில்லை. கேட்கிற ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நட்டுப்பாட்டுன்னா என்னது அண்ணாச்சி? நாட்டுப்பாட்டுன்னு அடிக்கப்போயி தப்பா அடிச்சிட்டியளா?

தப்பில்தான் ஆரம்பித்தது, ஆனால் அந்தத் தப்பு எங்களுடையது இல்லை. 1950களின் தொடக்கத்தில் லீ ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க ரசிகர், நாட்டுப்பாட்டில் அறிவியல் புனைகதையின் தாக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பில் 'ஃபோக்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஃபில்க்' என்று விழுந்துவிட்டது. கட்டுரை அப்போது அச்சேறவில்லை. பிழை மட்டும் பிழைத்துக்கொண்டது. 1953இல் காரென் ஆண்டர்சன் என்பவர் அந்தச் சொல்லையே வேண்டுமென்று எடுத்து ஒரு பாட்டுக்குப் போட்டு அச்சிட்டார். அறிவியல் புனைகதை ரசிகர்கள் பாடும் பாட்டுக்கே அது பெயராக ஒட்டிக்கொண்டது.

அறிவியல் புனைகதை மாநாடுகளில் ராத்திரி ஏதாவது ஓர் அறையில் கிதாரோடு உட்கார்ந்து பாடுவதுதான் முதலில் இருந்தது. 1979இல் சிகாகோவில் பாட்டுக்கென்றே தனி மாநாடு நடந்தது. இப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் தனித்தனியாக நடக்கின்றன. இந்தக் கதையைக் கேட்ட எங்கள் நண்பர், பைக் மெக்கானிக், "அப்போ நாமளும் நாட்டுப்பாட்டுல காலை எடுத்துருவோம்" என்றார். 'நா'வின் காலை எடுத்தால் நட்டு. நட்டும் போல்ட்டும் அவருடைய பிழைப்பு, அவருக்குத் தோன்றாமல் யாருக்குத் தோன்றும்?

அமெரிக்காக்காரன் விளையாட்டு நமக்கு எதுக்கு? நம்மகிட்ட இல்லாததா?

நம்மிடம் இருப்பதால்தான் இது இங்கே இவ்வளவு சுலபமாக ஒட்டுகிறது. ஃபில்க்கின் அடிப்படை வேலை, தெரிந்த மெட்டில் புது வரி போடுவது. தெருவில் மலிவாக விற்ற பழைய குஜிலிப் பாட்டுப் புத்தகம் எதையாவது எடுத்துப் பாருங்கள். தலைப்புக்குக் கீழே "இன்ன பாட்டு என்ற மெட்டு" என்று போட்டிருக்கும். ரயில் கவிழ்ந்தாலும் வெள்ளம் வந்தாலும் கொலை நடந்தாலும் மறுவாரமே தெரிந்த மெட்டில் பாட்டு வந்துவிடும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் காவடிச்சிந்து எழுதினார், அந்த நடையில் அதற்கப்புறம் எத்தனை பேர் எதை எதையெல்லாமோ பாடியிருக்கிறார்கள்.

வில்லுப்பாட்டும் அப்படித்தான். கோயில் கொடைத் திருவிழாவில் பாடிய வில்லைக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சமூகக் கதைகளுக்குத் திருப்பினார். அவருக்குப் பாட்டு எழுதிக்கொடுத்த சுப்பு ஆறுமுகம் நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். வில்லில் அத்தனை கதை ஏறியிருக்கும்போது செவ்வாய் கிரகத்தில் கிணறு வெட்டுகிற கதை ஏறாதா?

ரெண்டு நாளும் என்னதான் செய்விய? நிரல் இருக்கா?

இருக்கிறது. சனி மதியச் சாப்பாட்டில் ஆரம்பிக்கும். சாப்பிட்டு முடித்ததும் புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் அரை மணி நேர அறிமுகம். அப்புறம் வில்லுப்பாட்டுப் பட்டறை. சாயங்காலம் காப்பிக்குப் பிறகு சிறு மேடை, ஆளுக்கு இரண்டு பாட்டு, பெயர் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதுக்கு வட்டம், அதாவது எல்லாரும் சுற்றி உட்கார்ந்து மாறி மாறிப் பாடுவது. ஞாயிறு காலை மெட்டுப் பட்டறை, பிள்ளைகளுக்குத் தனிப் பாட்டு நேரம், பதினொரு மணிக்குப் பாட்டு எழுதும் போட்டி. மதியம் ஏலம். சாயங்காலம் விருந்தாளிகள் கச்சேரி. இந்த வருஷம் மகுடம் என்ற தோல்வாத்தியம் வாசிக்கும் கலைஞர்கள் வருகிறார்கள்.

மேடை நிகழ்ச்சியெல்லாம் ஊருக்குப் பொது, தோப்புக்கு வெளியே இருக்கிறவர்களும் வந்து கேட்கலாம். ஆனால் என்னைக் கேட்டால் விழா என்பது அந்த ராத்திரி வட்டம்தான். மற்றதெல்லாம் அதுவரை பொழுது போக்க.

எனக்குப் பாட வராது. வந்து என்ன செய்ய?

இதுதான் அதிகம் வந்த கேள்வி. கேட்டவர்களில் பாதிப் பேர் வட்டத்தில் பாடிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். போன வருஷம் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார், பாடமாட்டேன் என்று சத்தியம் செய்து தென்னைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். ராத்திரி பதினொன்றரைக்கு அவரே, பாபநாசத்திலிருந்து நிலாவுக்குப் போகும் கடைசி பஸ்ஸின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். ராகம் இல்லை, ஸ்டேஜ் வாரியாக டிக்கெட் விலை மட்டும். சேரன்மகாதேவி தாண்டியதும் மேலே எழும்புகிறது பஸ். சிரித்து முடியவில்லை எங்களுக்கு.

வில்லுப்பாட்டில் தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி பாடுவார், கூட இருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். ஆமா இல்லாவிட்டால் கதை நகராது. கேட்க மட்டும் வருகிறவர்கள் எங்களுக்கு ஆமா போடுகிறவர்கள். தாராளமாக வாருங்கள்.

வட்டத்துல யார் எப்பப் பாடணும்? தொண்டை பெருசா இருக்கவனுக்குத்தானே இடம் கிடைக்கும்?

முதல் வருஷம் அப்படித்தான் ஆயிற்று. நாலே பேர் விடியவிடியப் பாடினார்கள், மற்றவர்கள் கொசு அடித்தார்கள். வெளிநாட்டுக் கூடல்களில் இதற்கு வழிமுறை வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் படித்தோம். ஒன்று, சுற்று முறை. வரிசையாக ஒவ்வொருவரிடமும் வரும், மூன்றில் ஒன்று செய்யலாம்: தானே பாடலாம், வேறொருவரைக் குறிப்பிட்டு ஒரு பாட்டுக் கேட்கலாம், அல்லது 'விடு' என்று அடுத்தவருக்குத் தள்ளலாம். இரண்டாவது, வரிசையே இல்லாத முறை. ஒரு பாட்டு முடிந்ததும் அதற்குப் பொருத்தமான பாட்டு வைத்திருப்பவர் தொடரலாம். எங்களுக்குள் இதைச் 'சந்தை' என்கிறோம்.

மூன்றாவது முறையில் அவர்கள், சீட்டாட்டத்தில் காசுக்குப் பதில் வைக்கும் வில்லைகளை வைத்திருக்கிறார்கள். நாங்கள் புளியங்கொட்டை. ஆளுக்கு மூன்று. பாட நினைப்பவர் ஒன்றை நடுவில் இருக்கும் வெண்கல உருளியில் போட வேண்டும். 'டங்'கென்று சத்தம் கேட்டால் யாருக்கோ பாட்டு வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் போட்டால், கையில் அதிகம் மிச்சம் வைத்திருப்பவருக்கு முதலிடம். அதனால் இதுவரை வாய் திறக்காதவர்தான் எப்போதும் ஜெயிப்பார். எல்லாருடைய கையும் காலியானதும் மறுபடி பங்கு வைப்போம்.

வீட்டிலிருந்து மடியில் புளியங்கொட்டை கட்டிக்கொண்டு வந்த ஒரு புண்ணியவானும் உண்டு. அதனால் இப்போது தாயம் விளையாடத் தேய்ப்பது போல ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருக்கிறோம். சனி ராத்திரி பத்தரை வரை சுற்று, பிறகு ஒரு மணி வரை புளியங்கொட்டை, அதற்கு மேலும் முழித்திருப்பவர்களுக்குச் சந்தை.

எனக்கு சயின்ஸ் ஒண்ணும் தெரியாது. ராக்கெட் பத்தித்தான் பாடணுமா?

இல்லை. ரோபோ, வேற்றுக்கிரகம், காலப்பயணம் எல்லாம் சரி. கம்ப்யூட்டர் தொங்குவதைப் பற்றியும் பாடலாம், வீட்டுப் பூனையைப் பற்றியும் பாடலாம். வெளிநாட்டு ஃபில்க்கிலும் பூனைப் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. 'இப்படி நடந்தால் எப்படியிருக்கும்' என்ற ஒரு முடிச்சு பாட்டுக்குள் இருந்தால் போதும். தாமிரபரணி ஒருநாள் மேற்கே திரும்பி மலையேறினால்? அதுவும் நட்டுப்பாட்டுதான்.

வில்லுப்பாட்டுப் பட்டறையில வில்லைத் தொட விடுவியளா, இல்ல தூர நின்னு பாக்கணுமா?

தொடலாம். அதற்குத்தான் பட்டறை. ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான வில், அதன் முதுகில் வரிசையாக வெண்கல மணிகள், நடுவில் கட்டிய மண்குடம். வீசுகோலால் நாணைத் தட்டினால் மணிகள் மொத்தமும் சேர்ந்து அதிரும். பார்க்கச் சுலபமாக இருக்கும். முதல்முறை தட்டுகிறவர்களுக்குக் கோல் நாணில் குதித்து நழுவிவிடும், சத்தம் செத்துப்போகும். மணிக்கட்டை இறுக்காமல் கோலைத் தளர்வாகப் பிடித்தால் சரியாகும், பத்து நிமிஷத்தில் வந்துவிடும். குடத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பவர் தரமாட்டார், இரண்டு வருஷத்தில் மூன்று குடம் உடைந்திருக்கிறது.

உடுக்கு, ஜால்ரா, கட்டை ஆகியவையும் இருக்கும். ஏன் தை மாதத்தில் வைத்தீர்கள் என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில்: சித்திரையிலும் ஆடியிலும் கொடை நடக்கும்போது நல்ல வில்லுப்பாட்டுக் குழு எதுவும் நமக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

ஒரு மணி நேரத்துல பாட்டு எழுதணுமாமே? நடக்கிற காரியமா?

நடக்கிறது. ஒரு பானையில் மெட்டு எழுதிய சீட்டு: கும்மி, தாலாட்டு, தெம்மாங்கு, காவடிச்சிந்து, ஒப்பாரி. இன்னொரு பானையில் பொருள். இரண்டிலும் ஒவ்வொன்று எடுக்க வேண்டும். வந்தது வந்ததுதான், மாற்ற முடியாது. போன வருஷம் ஒரு கல்லூரி மாணவிக்கு ஒப்பாரியும் சந்திரயானும் சேர்ந்து விழுந்தது. சந்திரயான்-3இன் லேண்டர் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கி, செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே இருட்டு வருமுன் உறங்க வைக்கப்பட்டு, மறுபடி விடிந்தபோது எழுப்பியும் எழவில்லை. நிலாவில் ஒரு ராத்திரி நம் கணக்கில் ஏறக்குறைய பதினாலு நாள். அந்தப் பெண் எழுதியது:

பதினாலு நாள் ராத்திரின்னு – எய்யா
பாய்விரிச்சுப் படுத்தாயே
விடிஞ்ச பெறகு கூப்பிட்டோமே – எய்யா
விளிச்ச சத்தம் கேக்கலியா

பரிசு என்று பெரிதாக எதுவும் இல்லை, ஒரு கட்டு அப்பளம். கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்பதால் போட்டி கடுமையாகத்தான் இருக்கிறது.

சினிமா மெட்டுல எழுதலாமா? கேசு கீசு வந்துராதே?

வட்டத்தில் பாடுங்கள், யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் விஷயம் தெரிந்திருப்பது நல்லது. ஒரு சினிமாப் பாட்டில் வரிக்கு ஓர் உரிமை, இசைக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் ஆயுளுக்கும் அதன் பிறகு 60 ஆண்டுக்கும் உண்டு. வரியை மாற்றிவிட்டேன் என்றால் வரிக்குத்தான் ஆயிற்று, மெட்டு அவருடையதாகவே இருக்கும். தொழில்முறை இல்லாத ஒரு குழு, காசு வாங்காமல் கூட்டத்துக்குப் பாடினால் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. மேடைக்கு நாங்கள் டிக்கெட் போடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் சொந்தக் கருத்து: சினிமா மெட்டில் எழுதினால் கைதட்டு உடனே கிடைக்கும், பாட்டு சீக்கிரம் செத்துப்போகும். சிந்தும் கும்மியும் யாருடைய சொத்தும் இல்லை.

வீடியோ எடுத்துப் போடலாமா?

மேடையில் பாடுவதை, பாடுகிறவரிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம். வட்டத்தில் கூடாது. வட்டத்தில் போன் தெரிந்தால் முன்பு சொன்ன கண்டக்டர் மாதிரி ஆட்கள் வாய் திறக்கமாட்டார்கள். சினிமா மெட்டுப் பாட்டை இணையத்தில் ஏற்றுவது வேறு கதை. மேலே சொன்ன விலக்கு அங்கே கைகொடுக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

தை மாசத்துல, நல்ல நாளும் அதுவுமா, ஒப்பாரியா? வீட்ல கேட்டா செருப்படி விழும்.

விழுந்தது. முதல் வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்தினோம். ராத்திரி ஒருவர் பூமி அழிந்ததற்கு ஒப்பாரி வைக்க, மண்டபத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மறுநாள் அதே மண்டபத்தில் வளைகாப்பு. அவர் கோபத்தில் எனக்கு நியாயம்தான் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தோப்புக்கு மாறினோம்.

சோகப் பாட்டு இல்லாமல் நட்டுப்பாட்டு இல்லை. ஆங்கிலத்திலும் விண்வெளியில் செத்தவர்களைப் பற்றிய பாட்டு நிறைய, அதற்கென்றே ஒரு கேலிப்பெயர்கூட வைத்திருக்கிறார்கள். அதனால் விதி இதுதான்: ஒப்பாரி வீட்டுக்குள் கிடையாது, வாய்க்கால் பக்கம் இருக்கும் வட்டத்தில் மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு. உயிரோடு இருப்பவரைப் பெயர் சொல்லி ஒப்பாரி வைக்கக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. முடித்ததும் ஒரு தாலாட்டோ கும்மியோ பாடித்தான் அடுத்த புளியங்கொட்டை.

சாமிப் பாட்டு மெட்டுல ரோபோவப் பாடினா தப்பில்லையா? கணியான் கூத்த நாமளே வேஷங்கட்டி ஆடலாமா?

இரண்டு தனிக் கேள்விகள். முதலாவது: காவடிச்சிந்து முருகன் பாட்டுத்தான், அதன் நடையில் வேறு பொருள் பாடுவதை யாரும் குற்றமாக எடுத்ததில்லை. ஆனால் கொடையில் சாமி வருவதற்கென்றே பாடும் வரத்துப் பாட்டை, அதற்குரிய அடியைத் தொடக் கூடாது. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். போன வருஷப் பட்டறையில் ஒரு பையன் வேகம் பிடித்து அடிக்க, அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஆச்சி எழுந்துவிட்டாள். கண் நிலைகுத்தி, தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. வில்லுக்காரர் பாய்ந்து வந்து கோலைப் பிடுங்கித் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். ஆச்சி துருவலைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏலே, விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா?" என்றாள்.

இரண்டாவது: கூடாது. கணியான் கூத்து கணியான் சமூகத்தாரின் கலை, அவர்களுடைய சடங்கும்கூட. நாம் வேஷம் கட்டினால் அது கேலியாகத்தான் முடியும். மகுடம் வாசிப்பவர்களை அழைத்து, அவர்கள் கேட்கும் சன்மானத்தைக் கொடுத்துக் கேட்கிறோம். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம், தீயில் தோலைக் காய்ச்சிக் காய்ச்சிச் சுருதி ஏற்றுவார்கள். அந்த நெருப்புப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏஐகிட்ட எழுதி வாங்கின பாட்டைப் பாடலாமா சார்?

ஏஐ பற்றிப் பாடலாம். ஏஐ எழுதியதை வட்டத்தில் வேண்டாம். எழுத வராதவருக்கு மெட்டுப் பட்டறை இருக்கிறது, கண்டக்டர் வழியும் இருக்கிறது.

பொம்பளைப் பிள்ளையள ராத்திரி அனுப்பலாமா? எங்கன தங்குவாவ?

வீட்டின் மாடி முழுக்கப் பெண்களுக்கு. இரண்டு அக்காமார் பொறுப்பில் சாவி. தோப்பிலும் வாய்க்கால் வழியிலும் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். குடித்துவிட்டு வருபவருக்கு வட்டத்தில் இடமில்லை. போன வருஷம் ஒருவரை ஆட்டோ வைத்துத் திருப்பி அனுப்பினோம், நல்ல பாடகர்தான். அம்மா அப்பாவும் கூட வரலாம், வந்து அவர்களும் பாடியிருக்கிறார்கள்.

அக்கம்பக்கத்துல சண்டைக்கு வரமாட்டாவளா? விடியவிடியச் சத்தம் போட்டா?

ராத்திரி பத்து மணிக்கு மைக் அணைந்துவிடும். பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. வட்டத்துக்கு மைக் எப்போதுமே கிடையாது. பனி இறங்கும் ராத்திரியில் வெறும் குரலே பக்கத்து வயல் வரை போகும்.

மகேந்திரகிரிக்குக் கூட்டிட்டுப் போவியளா மாமா?

இது ஏழாம் வகுப்புப் பையன் கேட்டது. இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் வளாகம் அது, முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினை அங்கேதான் எரித்துப் பார்க்கிறார்கள். இலங்கைக்கு அனுமார் தாவிய மலையும் அதுதான் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். தாவுவதற்கென்றே அமைந்த மலை போல. ஞாயிறு காலைப் பிள்ளைகள் நேரத்தில் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கும்மி எழுதப்போகிறோம், பையனை அவசியம் அனுப்பவும்.

துட்டு எவ்வளவு? சாப்பாடு உண்டா?

கேட்க மட்டும் வந்தால் ஒன்றும் இல்லை. தங்கிச் சாப்பிட்டால் ஆளுக்கு 700 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. சனி மதியம் சொதி, ஞாயிறு மதியம் கூட்டாஞ்சோறு, ராத்திரி வட்டத்துக்குச் சுக்குக்காப்பி. ஏலத்தில் வரும் பணம் தூரத்திலிருந்து வரும் பாட்டுக்காரர்களின் பஸ், ரயில் செலவுக்கு. அமெரிக்காவில் இன்டர்ஃபில்க் என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது, அங்கிருந்துதான் பிடித்தோம். ஏலத்துக்குப் பழைய புத்தகம், ஜால்ரா, பனங்கிழங்கு எதுவானாலும் கொண்டுவாருங்கள். போன வருஷம் அதிக விலைக்குப் போனது ஒரு பலாப்பழம்.

ஞாயித்துக்கிழமை கச்சேரியோட முடிஞ்சிரும்லா? நான் எந்த வண்டிக்கு டிக்கெட் போட?

கச்சேரி ஆறரைக்கு முடியும். அவசரக்காரர்கள் திருநெல்வேலி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனால் திங்கள்கிழமை லீவு கிடைத்தால் போட்டுவிடுங்கள். ஞாயிறு ராத்திரி பந்தல்காரர் ஓலையைப் பிரிக்க வருவார். பாதிப் பேர் போயிருப்பார்கள், குரல் எல்லாருக்கும் கட்டியிருக்கும். பந்தல் பிரிக்கப் பிரிக்க, மிச்சம் இருப்பவர்கள் அடியில் உட்கார்ந்து, இரண்டு நாளும் பாட விட்டுப்போனதைப் பாடுவோம். புளியங்கொட்டை இல்லை, வரிசை இல்லை. போன வருஷம் கடைசிக் கம்பைப் பிடுங்கும்போது பந்தல்காரரே ஏணியில் நின்றபடி ஒரு தெம்மாங்கு எடுத்துவிட்டார். அதில் ராக்கெட்டும் இல்லை, ரோபோவும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை, ஆமா போட்டோம்.